எண்ணெயைத் தின்னும் கூட்டங்கள்

வலிகாமத்து நீர்: வரலாற்றுத் தொடர், பகுதி 12

சென்ற பகுதியில் சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் எப்படித் தங்குகிறது என்று பார்த்தோம். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்யும் மழை செம்மண்ணைக் கடந்து, மயோசின் காலத்துச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேலே வில்லை வடிவில் மிதக்கிறது. ஆறில்லாத குடாநாட்டுக்கு அதுதான் ஆறு. நீரியலாளர்கள் இந்த நிலத்தடி நீரை நான்கு படுகைகளாகப் பிரித்துப் பேசுவார்கள். அவற்றில் முதன்மையான வலிகாமப் படுகைக்குச் சுன்னாகப் படுகை என்ற பெயரும் உண்டு.

இந்தப் பகுதி அந்த நீரில் எண்ணெய் கலந்த கதை. கூடவே, எண்ணெயை உண்ணக்கூடிய நுண்ணுயிர்களைப் பற்றி உலகம் முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகக் கற்றுவந்த பாடமும் வருகிறது. இரண்டும் சுன்னாகத்தில் ஒன்றையொன்று சந்தித்திருக்க வேண்டும். போதிய அளவு சந்திக்கவில்லை என்பது என் கவலை.

1990இல் போர் மீண்டும் மூண்டபோது குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றுபோனது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜாம் போத்தல் விளக்கில் படித்த ஒரு தலைமுறை இன்று நாற்பதைக் கடந்து நிற்கிறது. அவர்களிடம் மின்சாரத்தின் அருமையைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. தேசிய மின்வலையமைப்போடு வடக்கு மீண்டும் இணையும்வரை எரிபொருளை எரித்தே மின்சாரம் எடுக்க வேண்டியிருந்தது. அதற்குச் சுன்னாகமே மையம். மின்சார சபையின் பழைய மின்நிலைய வளாகம் அங்கே இருந்தது. போர் முடிந்த காலத்தில் நொதர்ன் பவர் என்ற தனியார் நிறுவனத்தின் அனல்மின் நிலையம் அங்கே இயங்கத் தொடங்கியது. 2013இல் மின்சார சபையின் 24 மெகாவாட் ‘உத்துரு ஜனனி’யும் சேர்ந்தது. ஊரவர்கள் இன்னும் பின்னுக்குப் போவார்கள். போர்க்காலக் குண்டுவீச்சில் எண்ணெய்த் தாங்கிகள் சேதமடைந்ததையும், கழிவெண்ணெய் தாழ்ந்த நிலங்களில் தேங்கிக் கிடந்ததையும் சொல்வார்கள். எந்தத் துளி எந்தக் காலத்தது என்ற வழக்கு இன்றும் பேச்சில் ஓயவில்லை.

கிணறுகள் அந்த வழக்குக்காகக் காத்திருக்கவில்லை. மின்நிலையத்தைச் சுற்றியுள்ள வளவுகளில் வாளியை இழுத்தால் நீரின் மேல் பளபளக்கும் படலம். வாயில் வைத்தால் டீசல் மணம். தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தொடங்கி 150 கிணறுகளைச் சோதித்தது. அவற்றுள் 109இல் எண்ணெயும் கொழுப்பும் குடிநீருக்கான இலங்கைத் தர நியமத்தைக் கடந்திருந்தன. சுன்னாகத்தோடு நிற்காமல் மல்லாகம், ஏழாலை, தெல்லிப்பழைப் பக்கங்களிலும் அச்சம் பரவியது. 2015இன் தொடக்கத்தில் விவகாரம் மல்லாகம் நீதவான் நீதிமன்றத்துக்கு வந்து, தனியார் மின்நிலையத்தின் இயக்கம் நிறுத்தப்பட்டது. பவுசரில் தண்ணீர் வந்தது. சொந்தக் கிணறு உள்ளவர்கள் தெருவோரத் தாங்கியின் முன்னால் குடத்தோடு நின்றார்கள். வட மாகாண சபை நியமித்த நிபுணர் குழுவின் அறிக்கை பெரும் சர்ச்சைக்குள்ளானது. அதன் அரசியலை நான் இங்கே விரிக்கப்போவதில்லை.

சட்டத்தின் கடைசிச் சொல் 2019 ஏப்ரல் 4ஆம் திகதி வந்தது. சுற்றாடல் செயற்பாட்டாளர் ரவீந்திர காரியவசம் தாக்கல்செய்த அடிப்படை உரிமை வழக்கில், நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய தீர்ப்பில், உயர் நீதிமன்றம் நொதர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு செலுத்த வேண்டும் என்று கட்டளையிட்டது. மாசுபடுத்தியவரே அதற்கான விலையைச் செலுத்த வேண்டும் என்ற கோட்பாட்டை இலங்கை நீதிமன்றம் நிலத்தடி நீருக்காக இவ்வளவு அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பாக அதைச் சுற்றாடல் சட்டம் படிப்பவர்கள் இன்று வாசிக்கிறார்கள்.

எண்ணெய்க்குத் தீர்ப்பு வாசிக்கத் தெரியாது. சுண்ணக்கல் வெடிப்புக்குள் ஒட்டிக்கொண்ட எண்ணெயை யார் அகற்றுவது? கிணற்றை இறைத்தால் மேலே மிதப்பது போகும். பாறையில் பிடித்தது மழைக்கு மழை நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் மெல்லக் கசியும். பாறையைத் தோண்டி எடுத்துக் கழுவ முடியாது. அந்த இடுக்குகளுக்குள் நுழையக்கூடியவை மிகச் சிறியனவாக இருக்க வேண்டும். எண்ணெயையே உணவாகக் கொள்ள வேண்டும். அப்படிப்பட்ட உயிர்கள் இருக்கின்றன. அவற்றின் வரலாற்றுக்கு இப்போது போவோம்.

* * *

பெற்றோலியத்தை உண்ணும் பற்றீரியாக்கள் உலகமெங்கும் பரந்திருக்கின்றன என்பதை 1946இல் கலிபோர்னியாவின் ஸ்கிரிப்ஸ் கடலியல் நிலையத்தைச் சேர்ந்த குளோட் சோபெல் விரிவாகத் தொகுத்து எழுதினார். கடற்சேற்றிலும் தோட்ட மண்ணிலும் அவை இருந்தன. இவ்வளவு பேர் இருந்தும் எண்ணெய் ஏன் உடனே மறைந்துபோவதில்லை என்பது அடுத்த கேள்வி.

எண்ணெய் என்பது ஆயிரக்கணக்கான ஐதரோக்காபன்களின் கலவை. நேர்ச் சங்கிலிகள் இருக்கும், கிளைவிட்டவை இருக்கும், பென்சீன் போன்ற வளையங்கள் இருக்கும், பல வளையங்கள் ஒட்டியவை இருக்கும், தார்போன்ற கனமான அஸ்பால்ற்றீன்கள் இருக்கும். ஒரு பற்றீரியா இனத்துக்கு இவற்றுள் ஒரு சிலவற்றை உடைக்கவே நொதியங்கள் உண்டு. அது தன் பங்கைத் தின்றுவிட்டு நிறுத்திக்கொள்ளும்.

இதைத் தீர்க்க வந்தவர் வங்காளத்தின் சைந்தியாவில் 1938இல் பிறந்த ஆனந்த மோகன் சக்ரவர்த்தி. நியூயோர்க் மாநிலத்தின் ஸ்கெனெக்ரடியில் ஜெனரல் எலெக்ரிக் நிறுவனத்தின் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த அவர், எண்ணெயின் வெவ்வேறு கூறுகளை உடைக்கும் திறன் சூடோமோனாசு பற்றீரியாக்களின் பிளாஸ்மிட்டுகள் என்னும் சிறு மரபு வளையங்களில் இருப்பதைக் கண்டார். பிளாஸ்மிட் ஒரு பற்றீரியாவிலிருந்து இன்னொன்றுக்குக் கடக்கக்கூடியது. பல திறன்களையும் ஒரே உடலுக்குள் சேர்த்துவிட்டால் எல்லாவற்றையும் தின்னும் ஒரே பற்றீரியா கிடைக்கும் என்பது அவர் எண்ணம். 1972இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை கொடுக்கலாமா என்ற கேள்வி அமெரிக்க உயர் நீதிமன்றம்வரை சென்று, 1980 ஜூன் 16இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்குச் சாதகமாக முடிந்தது. உயிர்த்தொழில்நுட்பம் ஒரு பெருந்தொழிலாக எழுந்ததற்கு அந்தத் தீர்ப்பு ஒரு வாசல்.

அந்தப் பற்றீரியா ஒரு நாளும் கடலில் விடப்படவில்லை. மரபு மாற்றிய உயிரைத் திறந்த வெளியில் விடுவது பற்றிய அச்சம் ஒரு காரணம். இன்னொரு காரணத்தை இன்று பலரும் ஏற்பார்கள்: எல்லாச் சுமையையும் தானே தூக்கும் பற்றீரியா ஆய்வுகூடத்தில் நன்றாக வாழும், வெளியே, ஏற்கனவே அந்த மண்ணில் வேரூன்றிய ஆயிரம் இனங்களின் போட்டியில் பின்தங்கிவிடும். கூடுதல் மரபுப்பொருளைச் சுமப்பதற்கே அதன் வலுவில் ஒரு பகுதி செலவாகும். தேவைப்படாத நாளில் அந்தப் பிளாஸ்மிட்டை உதறிவிட்ட பிள்ளைகளே வேகமாகப் பெருகும். சக்ரவர்த்தியின் அறிவுக்கூர்மையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அவர் திறந்த வாசலால்தான் பிறகு வந்தவர்கள் நுழைந்தார்கள். ஆனால் எண்ணெயை உண்மையில் தின்று தீர்த்தவை, தின்று தீர்ப்பவை, கூட்டங்களே.

1989 மார்ச் 24இல் அலாஸ்காவில் எக்ஸன் வால்டிஸ் கப்பல் தரைதட்டியபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. அங்கே கடற்கரைக் கற்களில் தூவப்பட்டது பெரும்பாலும் உரம். எண்ணெயில் காபன் நிறைய உண்டு. நைதரசனும் பொசுபரசும் மிகக் குறைவு. அந்தக் குறையை நிரப்பியதும் அங்கேயே வாழ்ந்த பற்றீரியாக் கூட்டங்கள் பெருகி வேலையைத் தொடங்கின.

* * *

கூட்டம் என்றால் என்ன, அது எப்படிப் பிணைந்திருக்கிறது என்ற கேள்விக்கு விடை வேறொரு மூலையிலிருந்து வந்தது. அந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சற்று நின்று சொல்கிறேன்.

எதனோலை மெதேன் வாயுவாக மாற்றும் ஒரு பற்றீரியாவை ஹொரஸ் பார்க்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் பிரித்தெடுத்து, ரஷ்ய நுண்ணுயிரியலாளர் ஒமெலியான்ஸ்கியின் நினைவாகப் பெயரிட்டிருந்தார். பாடநூல்கள் அதை ஓர் இனம் என்றே கற்பித்தன. 1967இல் மார்வின் பிரயன்ற்றும் அவருடைய தோழர்களும் அந்த வளர்ப்பைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே இரண்டு உயிர்கள் இருந்தன. ஒன்று எதனோலை அசற்றேற்றாக மாற்றி ஐதரசனை வெளிவிடும். மற்றது அந்த ஐதரசனைக் காபனீரொட்சைட்டோடு சேர்த்து மெதேன் ஆக்கும்.

இதிலுள்ள பிணைப்பை நன்றாகக் கவனிக்க வேண்டும். முதலாவது உயிர் விடும் ஐதரசன் சுற்றிலும் தேங்கினால், எதனோலை உடைப்பதில் அதற்குச் சக்தியே மிஞ்சாது, பட்டினியாகிவிடும். இரண்டாவது உயிர் ஐதரசனை உடனுக்குடன் எடுத்துக்கொள்வதால்தான் முதலாவது வாழ்கிறது. இரண்டாவதுக்கு எதனோலைத் தொடவே தெரியாது. முதலாவது தரும் ஐதரசன் இன்றேல் அதற்கு உணவில்லை. ஒன்றின் கழிவு மற்றதன் சோறு. கழிவு அகலும்வரைதான் இருவருக்கும் உயிர்.

பழைய காலத்துத் தோட்ட இறைப்பைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். துலா மிதிப்பவர், பட்டை பிடித்து ஊற்றுபவர், பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறுபவர் என மூவர். மாறுபவர் நின்றால் வாய்க்கால் உடைக்கும். துலாவும் நிற்க வேண்டும்.

நமக்கு இன்னும் அருகிலிருக்கும் ஒரு கூட்டத்தைப் பற்றி யாழ்ப்பாணத்திலேயே ஆய்வு நடந்திருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் தெய்வேந்திரராஜா, கிறிஸ்தோபருடன் சேர்ந்து, பனங்கள்ளின் நுண்ணுயிர்களையும் அவற்றின் செயற்பாட்டையும் பற்றி 1987இல் ஒரு சர்வதேச ஆய்விதழில் எழுதினார். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாவிட்டால் கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. சுண்ணாம்பின் காரம் நுண்ணுயிர்களை அடக்கிவைக்கிறது. அது இல்லாத முட்டியில் மதுவங்களும் பற்றீரியாக்களும் கூட்டமாகக் குடியேறுகின்றன. இலற்றிக்கமில பற்றீரியாக்கள் சாற்றைப் புளிக்கவைக்கின்றன. புளிப்பைத் தாங்கும் மதுவங்கள் வெல்லத்தை அற்ககோலாக்குகின்றன. நேரம் கடந்தால் அசற்றிக்கமில பற்றீரியாக்கள் அந்த அற்ககோலையே உணவாக்கி வினாகிரி ஆக்குகின்றன. வெளியிலிருந்து யாரும் எதையும் இட்டதில்லை. கத்தியிலும் பாளையிலும் முட்டியிலும் காற்றிலும் இருந்த உயிர்கள் தாமே வரிசை வகுத்துக்கொண்டு செய்கிற தொழில் அது. மரபாகச் செய்துவந்த ஒரு கூட்டு நொதித்தலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுவந்து பார்த்த அந்தத் தலைமுறை ஆய்வாளர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். மின்சாரமும் இரசாயனப் பொருட்களும் நிச்சயமில்லாத ஆண்டுகள் அவை.

தொழிற்சாலை அளவில் இதே தத்துவத்தைச் சீனர்கள் 1970களில் நிலைநாட்டினார்கள். விற்றமின் சி அதுவரை, ரைக்ஸ்ரைன் 1933இல் வகுத்த முறைப்படி, பல இரசாயனப் படிகளைக் கடந்து செய்யப்பட்டது. பெய்ஜிங்கின் நுண்ணுயிரியல் நிறுவனத்தைச் சேர்ந்த யின் குவாங்லின் குழுவினர் அந்தப் படிகளில் பலவற்றை நொதித்தலால் மாற்றினார்கள். சோர்போசு என்ற வெல்லத்தை விற்றமினுக்கு முந்திய அமிலமாக மாற்றும் பற்றீரியா ஒன்று அவர்களிடம் இருந்தது. தனியே விட்டால் அது சோம்பிக் கிடக்கும். பசிலஸ் மெகதேரியம் என்ற பெரிய உடல்கொண்ட பற்றீரியாவைத் துணைக்கு விட்டதும் செழித்தது. சில அமினோ அமிலங்களைத் தானே ஆக்கும் வழி சிறியதற்கு இல்லை. பெரியது அவற்றையும் வேறு ஊட்டங்களையும் கசியவிடுகிறது என்று பின்னர் மரபுத்தொகுதியைப் படித்தவர்கள் கண்டார்கள். உலகச் சந்தையில் விற்கும் விற்றமின் சியில் பெரும்பகுதி இன்று இந்த இரட்டை வளர்ப்பு வழியிலிருந்து வருகிறது. சளி பிடித்தால் நம் வீடுகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் அந்தப் புளிப்பு மாத்திரைக்குப் பின்னாலும் இந்த உறவு இருக்கக்கூடும்.

இயற்கை அமைத்த கூட்டங்களைப் பார்த்து ஆய்வாளர்கள் தாமே கூட்டம் கட்டத் தொடங்கியது இந்த நூற்றாண்டில். 2007இல் அமெரிக்காவில் வெனியிங் ஷூ இரண்டு மதுவ வகைகளை எடுத்தார். ஒன்றால் அடெனின் செய்ய முடியாது, ஆனால் லைசினை மிதமிஞ்சிச் செய்யும். மற்றதால் லைசின் செய்ய முடியாது, அடெனினை மிதமிஞ்சிச் செய்யும். தனியே விட்டால் இரண்டும் செத்துப்போகும். சேர்த்துவிட்டால் இரண்டும் வாழ்கின்றன. 2015இல் எம்.ஐ.ரி.யில் ஸ்ரெபானோபொலஸ் குழுவினர் ஒருபடி மேலே போனார்கள். புற்றுநோய் மருந்தான ரக்சோலுக்கு முந்திய சேர்வைகளைச் செய்யும் வேலையை ஈ. கோலை பற்றீரியாவுக்கும் மதுவத்துக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். பற்றீரியா சைலோசு வெல்லத்தைத் தின்று மூலக்கூற்றின் எலும்புக்கூட்டைச் செய்யும். மதுவம் அதில் ஒட்சிசனை ஏற்றி மெருகிடும். பற்றீரியா வெளிவிடும் அசற்றேற்று தேங்கினால் அதற்கே நஞ்சு. மதுவத்துக்கோ அதுவே உணவு. பிரயன்ற் கண்ட பிணைப்பை இவர்கள் வேண்டுமென்றே கட்டினார்கள்.

கூட்டம் கட்டுகிறவர்களின் பெரிய தலைவலி, எடுத்துக்கொண்டு கொடாமல் இருக்கும் உயிர்கள். பிறருக்காகச் செய்யும் பொருள் ஒரு செலவு. திடீர்மாற்றத்தால் அந்தச் செலவை நிறுத்திய ஒரு கலம் மற்றவற்றைவிட வேகமாகப் பெருகும். சில நாட்களில் தொட்டி முழுவதும் அதன் வாரிசுகளாகிவிடலாம். ஆகவே கொடுப்பது நின்றால் கொடாதவருக்கே கேடு வரும்படி உறவை அமைக்க வேண்டியிருக்கிறது. கழிவை உணவாக்கும் பிணைப்பு நெடுங்காலம் நிலைப்பதற்குக் காரணம் அதுதான்: அங்கே யாரும் தியாகம் செய்வதில்லை, தன் கழிவைத்தான் கொடுக்கிறது. எண்ணெய்க்கும் நிலத்தடி நீருக்கும் கூட்டம் தேடுகிறவர்கள் இதை முதலில் படிக்க வேண்டும்.

* * *

இந்தியாவில் எண்ணெய்க் கூட்டத்தை ஆய்வுகூடத்திலிருந்து வயலுக்குக் கொண்டுவந்தவர் டில்லியின் ரெறி நிறுவனத்தைச் சேர்ந்த பன்வாரி லால். எண்ணெய் தோய்ந்த இடங்களிலிருந்து பற்றீரியாக்களைச் சேகரித்து, ஒவ்வொன்றும் எதைத் தின்னும் என்று பார்த்து, ஐந்து வகைகளைத் தேர்ந்து ஒன்றாக்கினார்கள். நேர்ச் சங்கிலிக்கு ஒன்று, வளையத்துக்கு ஒன்று, அஸ்பால்ற்றீனுக்கு ஒன்று என்று வேலை பிரிந்தது. அதைச் சோளப்பொத்தித் தூளில் ஏற்றி உயிரோடு நெடுந்தூரம் அனுப்பும் வழியையும் கண்டார்கள். ‘ஒயில்சாப்பர்’ என்பது அதன் பெயர். அசாம், குஜராத் எண்ணெய் வயல்களின் கசடுக் குழிகளில் அது பல ஆண்டுகள் வேலைசெய்திருக்கிறது. இந்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி.யும் ரெறியும் சேர்ந்து இதற்கென்றே ஒரு கூட்டு நிறுவனம் அமைத்தன.

தமிழகத்தில் 2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராசர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையொதுங்கியது. மீனவர்களும் மாணவர்களும் வாளியால் அள்ளிய காட்சியை எல்லோரும் பார்த்தோம். அள்ளியது எங்கே போயிற்று என்று அப்போது பலர் கேட்கவில்லை. துறைமுக வளாகத்தில் குழிவெட்டி, மண்ணோடு கலந்து, இந்தியன் ஒயில் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு பற்றீரியாக் கூட்டத்தை விட்டுச் சிதைக்கும் ஏற்பாட்டைச் செய்தது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம் இந்த அனுபவம் குவிந்து கிடக்கிறது. சுன்னாக மின்நிலைய வளாகத்தின் எண்ணெய் தோய்ந்த மேல்மண்ணுக்கு இது நேராகப் பொருந்தும்: அள்ளி, பாத்தி கட்டி, ஈரமும் காற்றும் நைதரசனும் கொடுத்து, அந்த மண்ணிலிருந்தே வளர்த்த கூட்டத்தை மீண்டும் அதற்குள் விடுவது. நம்முடைய வெப்பம் அலாஸ்காவில் இல்லாத ஒரு வரம். சூட்டில் கூட்டம் விரைவாகத் தின்னும்.

நீருக்கு அடியிலுள்ள எண்ணெய் வேறு கதை. அங்கே ஒட்சிசன் குறைவு.

அதற்கு உலகில் மிக நன்றாகப் படிக்கப்பட்ட இடம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்திலுள்ள பெமிஜி. 1979 ஓகஸ்ட் 20இல் அங்கே ஒரு குழாய் வெடித்து சுமார் 17 இலட்சம் லீற்றர் மசகு எண்ணெய் கொட்டியது. எடுக்கக்கூடியதை எடுத்த பிறகும் சுமார் 4 இலட்சம் லீற்றர் நிலத்துக்குள் தங்கியது. அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் 1983 முதல் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவர்கள் கண்டது இது: எண்ணெயைச் சுற்றி பற்றீரியாக்கள் படைபடையாக அமைந்துகொண்டன. ஒட்சிசன் முடிந்த இடத்தில், மண்ணிலுள்ள இரும்பைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தும் பற்றீரியாக்கள் வளையச் சேர்வைகளை உடைத்தன. இரும்பும் தீர்ந்த நடுவில், பிரயன்ற் கண்டதுபோன்ற கூட்டாளிகள் எண்ணெயை மெதேன் ஆக்கின. எண்ணெய் கலந்த நீரின் ஓட்டம் எதிர்பார்த்த தூரம் பரவவில்லை. கூட்டம் அதை வழியில் மறித்துத் தின்றது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் அங்கே எண்ணெய் மிச்சம் இருக்கிறது என்பதும் உண்மை. கூட்டம் தன்பாட்டில் வேலைசெய்யும். மனிதனின் அவசரம் அதற்கில்லை.

ஒட்சிசன் இல்லாத இடத்தில் எதைக் கொடுத்து அதை விரைவுபடுத்தலாம்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் 1980களில் கிடைத்த விடைகளில் ஒன்று நைத்திரேற்று. ஒட்சிசன் இல்லாதபோது சில பற்றீரியாக்கள் நைத்திரேற்றைச் சுவாசித்து, தொலுயீன், சைலீன் போன்றவற்றை உடைக்கும். நைத்திரேற்று நைதரசன் வாயுவாகிப் போய்விடும். மிச்சிகனில் விமான எரிபொருள் கசிந்த ஒரு படுகையில் இதை வெளியிலேயே சோதித்தார்கள். தொலுயீன் போயிற்று.

வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு நைத்திரேற்று புதிய சொல் அல்ல. யூரியாவும் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து நம் கிணறுகளை நைத்திரேற்றால் நிரப்பியிருப்பதை 1988இலேயே நாகராஜா முதலான விவசாய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வைத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைக் கடந்த கிணறுகள் இங்கே ஏராளம். மற்ற நாட்டவர்கள் காசு கொடுத்து இறக்கியதை நாம் தெரியாமல் இறக்கிவிட்டோம். அப்படியானால், சுன்னாகத்தின் கீழே நைத்திரேற்றைச் சுவாசித்து எண்ணெயைத் தின்னும் ஒரு கூட்டம் ஏற்கனவே உருவாகியிருக்க வாய்ப்புண்டு என்று நான் நினைக்கிறேன். இரண்டு நஞ்சும் ஒன்றையொன்று குறைத்துக்கொள்ளும் இடங்கள் எவை என்று கிணறு கிணறாகப் பார்த்தால் தெரியும். எண்ணெய், நைத்திரேற்று, கரைந்த ஒட்சிசன், இரும்பு, மெதேன் ஆகிய ஐந்தையும் ஒரே நாளில் ஒரே கிணற்றில் அளப்பது பெரும் செலவு பிடிக்கும் காரியமும் அல்ல. அதற்காக இன்னும் யூரியா போடலாம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது; பச்சிளம் குழந்தையின் உடலை நீலமாக்கும் நஞ்சு நைத்திரேற்று.

இன்னொரு இடர் பாறையே. பெமிஜியில் பனியுகத்து மணல். நீர் மணிக்கு மணி மெல்ல ஊரும், பற்றீரியாவுக்கு ஒட்டிக்கொள்ள மணலின் பரப்பு முழுவதும் உண்டு. இங்கே கரைந்து குகையான சுண்ணக்கல். மாரியில் ஒரு வெடிப்பில் இறங்கிய எண்ணெய் எந்தப் பொந்துவழி ஓடி எந்த வளவில் தலைகாட்டும் என்று மேலிருந்து சொல்ல முடியாது. அடுத்தடுத்த இரு கிணறுகளில் ஒன்று நாறுவதும் மற்றது தெளிந்திருப்பதும் அதனால்தான். வெளியில் வளர்த்த கூட்டத்தை ஊற்றினால் முதல் பெருமழையில் அது கீரிமலை ஊற்றுக்கோ கடலுக்கோ போய்விடக்கூடும். ஆகவே இந்தப் பாறையில் ஒட்டி வாழப் பழகிய நம்முடைய பற்றீரியாக்களையே தேடி எடுக்க வேண்டும் என்பது என் துணிபு.

அப்படி எடுத்து, வளர்த்து, வணிகப் பொருளாக்கிய முன்மாதிரி ஒன்று உண்டு. ரொறொன்ரோ பல்கலைக்கழகத்தின் எலிசபெத் எட்வேர்ட்ஸ், குளோரின் கலந்த கரைப்பான்களால் நஞ்சான நிலத்தடி நீரிலிருந்து ஒரு கூட்டத்தை எடுத்து வளர்த்தார். கேபி-1 என்று அதற்குப் பெயர். குளோரினைப் பிடுங்கும் முதன்மைப் பற்றீரியாவுக்குத் தேவையான ஐதரசனையும் பி12 விற்றமினையும் கூட்டத்தின் மற்ற உறுப்பினர்களே தருகிறார்கள். தனிமைப்படுத்தினால் அது நொண்டும். கூட்டத்தைப் பிரிக்காமல், கூட்டமாகவே கலன்களில் அடைத்து, நிலத்துக்குள் செலுத்துகிறார்கள். ஈழத்தமிழர் பெருந்தொகையாக வாழும் அந்த நகரத்தில் இந்த அறிவு இருக்கிறது. அந்தத் துறைகளில் படிக்கும் நம் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு அவர்களை இணைக்கும் ஒரு சிறு திட்டம் போதும், முதல் மாதிரிகளை எடுக்க.

வேலையின் ஒழுங்கு எனக்குத் தெளிவாகத் தெரிகிறது. முதலில், எஞ்சியிருக்கும் கழிவெண்ணெய்க் குழிகளைக் கண்டுபிடித்து முற்றாக அகற்ற வேண்டும். ஊற்று நிற்காமல் எந்தக் கூட்டமும் வெல்லாது. பிறகு மேல்மண்ணுக்குப் பாத்தி முறை. கிணறுகளில் மிதப்பதை இறைத்தெடுத்து, அந்த நீரைத் தோட்டத்தில் விடாமல் தனியே சுத்திகரிக்க வேண்டும். பாறையின் கூட்டத்தை அறிய மாரிக்கு முன்னும் பின்னும் தொடர்ந்து சோதிக்க வேண்டும். வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் எல்லைக்குள் நிரந்தரக் கண்காணிப்புக் கிணறுகள் பத்தாவது வேண்டும். அவற்றின் முடிவுகள் சுன்னாகம் பொதுநூலகத்தில் எவரும் வாசிக்கும்படி வைக்கப்பட வேண்டும். 2015இல் மக்களை மிகவும் காயப்படுத்தியது எண்ணெயை விடவும், ஒரு அறிக்கை ஒன்று சொல்ல மற்றொரு அறிக்கை வேறொன்று சொன்னதுதான்.

2 கோடி ரூபாய் நட்டஈடு பாதிக்கப்பட்ட குடும்பங்களின் கிணறுகளைச் சுத்தம்செய்ய உதவலாம். படுகை எல்லோருக்கும் ஒன்று. அதற்கென்று தனியான நிதியும், அதை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் ஒரு குழுவும் இன்னும் அமையவில்லையே என்று கேட்கும் உரிமை ஏழாலையிலும் மல்லாகத்திலும் கந்தரோடையிலும் வாளி இழுக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு.

அடுத்த பகுதியில் வலிகாமத்தின் குளங்களுக்குப் போவோம்: தூர்ந்தவை எவை, தூர்த்தவர்கள் யார், மழைநீரைப் படுகைக்குத் திருப்பி இறக்க அவற்றில் எவை இன்னும் உதவும் என்பதைப் பார்ப்போம்.

(தொடரும்)